சோழவந்தான் பூச்சி

இன்று காலை சோழவந்தானில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால். செருப்பை வெளியே விட்டுவிட்டு, "பூச்சி படம் எடுக்க வந்திருக்கேன்க்கா" என்றேன்.

வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சூதானமா எடுங்க தம்பி."

ஈர மண்ணில் குப்புறப் படுத்து, நகத்தளவு சிலந்தி ஒன்றுக்கு லென்சைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அசையாம கெடங்க. நீங்க தேடி வந்த பூச்சி உங்க முழங்கைகிட்ட கெடக்கு."

எனக்கு ஒரே சந்தோஷம். "எம்புட்டு பெருசுக்கா?"

"உங்க கை நீளம் இருக்கும்."

சட்டைக் கையை ஒட்டிச் சருகு சரசரத்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், லென்சில் தெரிந்த சிலந்தியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். சத்தம் மெல்ல வாய்க்கால் பக்கம் போய் அடங்கியது.

"போயிருச்சு, எந்திரிங்க."

"பாம்புன்னு சொல்லியிருக்கலாமேக்கா!"

"கொடிக்காலுக்குள்ள நின்னுக்கிட்டு அது பேரைச் சொல்லுவாகளா? பூச்சின்னுதேன் சொல்லுவோம். நீங்களும் அப்படித்தான கேட்டீக?"

இதே வார்த்தையைச் சொல்லித்தான் இத்தனை நாளும் எல்லாத் தோட்டத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறேன். அவர்களெல்லாம் என்னை என்னவென்று நினைத்து உள்ளே விட்டார்களோ!

சிலந்திப் படம் ஆடி மங்கலாகிவிட்டது. மறுபடி போக வேண்டும்.

அக்காவிடம் இனி என்ன சொல்லிக் கேட்பது? யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.