பழனாத்தாள் அடைத்த பெட்டி

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பழனாத்தாள் மரப்பெட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மகன் ஞானசம்பந்தம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பின்பலகைக்குத் திருகாணி முடுக்கினான்.

"எறங்கட்டுமா சாமி?"

"இன்னும் ஒரு மூலை பாக்கிங்கம்மா. அசையாதீங்க. காத்துப் போற சந்து இருந்தா மாமா ஜெயிச்சிருவாரு."

"எங்கண்ணன் ஜெயிக்கறதுக்கா நான் இத்தனை கனமா இருக்கறேன்?" என்று இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

அம்மாவும் மகனும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

பழனாத்தாளுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி அவள் அண்ணன் ரத்தினசாமியுடையது. புருஷன் போன பிறகு அண்ணன் கொடுத்த வேலைதான். அதனால் அண்ணனுக்குப் பயந்தவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பத்துப் பனியன் கொள்ளும் அட்டைப் பெட்டியில் ஒரு டஜனைத் திணித்து, மூடி பிதுங்காமல் கட்டிவிடுவாள். அவள் கட்டிய பெட்டியைப் பிரிப்பவர்கள் முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார்கள்.

மகன் பாலிடெக்னிக் படித்துவிட்டு, மாமன் கம்பெனிக்குப் போகாமல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தான். ரத்தினசாமிக்கு அது ஆறாத எரிச்சல். எழுபத்து நாலில், தைப்பூசம் கழிந்த வாரம், மருமகன் காற்றுப் புகாத பெட்டி ஒன்று செய்து அதில் பெரிய ஸ்பீக்கரைப் பொருத்துவதைப் பார்த்தார். முறுக்கு மீசையைத் தடவிக்கொண்டார்.

"மாப்ளே, ஊட்டுல செஞ்ச பெட்டியில தவிலுக்கு வலந்தலை கேக்கும். தொப்பி கேக்குமா?"

வலந்தலை தவிலின் வலது பக்கம், தொப்பி இடது பக்கம். வயிற்றில் வந்து விழும் கனத்த சத்தம் அதனுடையது.

"கேக்கலீன்னா பெட்டி என்ற ஊட்டுக் கோழிக்கு. நீ என்ற கம்பெனிக்கு."

"கேட்டுச்சுன்னா?" என்றாள் பழனாத்தாள்.

"என்ன வேணும் சொல்லு, அம்மிணி."

"அதா, தடவிக்கிட்டு இருக்கறீங்களே, அதுங்க."

பந்தயம் முடிவாகிவிட்டது. தன் கடையைத் தன்னைக் கேட்காமலே இரண்டு பேர் ஏலம் விட்ட மாதிரி ஞானசம்பந்தம் நின்றான்.

ஸ்பீக்கரின் முதுகுப்பக்கம் கிளம்பும் சத்தம் வெறும் பெட்டிக்குள் மோதித் திரும்பி, குடத்துக்குள் வாய் வைத்துப் பேசுவதுபோல எல்லாவற்றையும் கெடுத்தது. அதை உள்ளேயே அடக்க எதையாவது நிரப்ப வேண்டும். முதலில் பனியன் வெட்டுத்துண்டு. அந்த ஊரில் கேட்காமலே கிடைப்பது. நிரப்பும் வேலையைப் பழனாத்தாள் எடுத்துக்கொண்டாள். முழங்காலால் மிதித்து அடைத்தாள். தவில்காரர் மெத்தைக்கு அடியில் படுத்துக்கொண்டு வாசிப்பதுபோல இருந்தது.

"இது கல்கத்தாவுக்குப் போற பெட்டி இல்லீங்கம்மா. உள்ள காத்து அசையோணும்."

"எடம் உட்டுக் கட்டினா வேலை தெரியாதவன்னு சொல்லுவாங்க கண்ணு."

அடுத்தது இலவம் பஞ்சு. அவன் தலையணையைத்தான் கிழித்தாள். முதல் நாள் நன்றாகக் கேட்டது. மறுநாள் பஞ்சு முழுக்க அடியில் போய் உட்கார்ந்துகொள்ள, மேல்பாதி மறுபடியும் குடமாயிற்று. பறந்த பஞ்சு ரசத்திலும் மிதந்தது.

"சுருள் சுருளா, அமுங்காம, தன்னால நிக்கறதா வேணும். ஆட்டு ரோமம்னாத் தேவலைங்க," என்றான்.

பழனாத்தாள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். திரும்பி வரும்போது தோளில் ஒரு கம்பளி இருந்தது.

"காச்சலாட்ட இருக்குதுன்னேன். பாவம், எங்கண்ணனே போத்தி உட்டாரு."

இழை இழையாகப் பிரித்து, கையால் பிய்த்துப் பூப்போல ஆக்கினார்கள். அவன் உதிரியாகப் பரப்பினான். அவன் திரும்பிய நேரம் பார்த்து அவள் ஒரு கைப்பிடி திணித்தாள். அவன் எடுத்தான். அவள் திணித்தாள். கடைசியில் அவளைத் தூக்கிப் பின்பலகைமேல் உட்கார வைத்தால்தான் பெட்டி தப்பும் என்று ஆனது.

ஞாயிற்றுக்கிழமை ரத்தினசாமி மனைவி மயிலாளோடு வந்தார். ஞானசம்பந்தம் நாதஸ்வர இசைத்தட்டைச் சுழலவிட்டான். மாமன் கண்ணை மூடிக்கொண்டார். தொப்பியில் முதல் அடி விழுந்தது. மீசையில் இருந்த கை வயிற்றுக்கு இறங்கியது.

"ஏனுங்க, கேக்குதுங்களா?" என்றாள் மயிலாள்.

"கேக்குது, கேக்குது." கண்ணைத் திறந்தார். "உள்ள என்னத்தைப் போட்டீங்க?"

"உங்க கம்பளிதானுங்கண்ணா. காச்சல் உட்டுருச்சு."

மயிலாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"களவாண்ட கம்பளியில ஜெயிச்சாச் செல்லுமா அம்மிணி?"

"போத்தி உட்டது நீங்க. கம்பளி உங்களுது, காதும் உங்களுது. மீசை மட்டும் என்னுதுங்க. நாளைக்குக் காத்தால அவிநாசிபாளையம் போயி சலூன் மணியனைக் கையோட கூட்டியாறேன். ஊட்டுலயே இருங்க. ஓடிப் போயிராதீங்க."

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பியவள், வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தாள். நிமிரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ரத்தினசாமி ரேடியோ கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கடையை நடத்து மாப்ளே. கம்பெனிப் பேச்சு இனி இல்ல."

"சரிங்க மாமா."

போவார் என்று பார்த்தான். போகவில்லை. மீசையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தார்.

"இதை நானே போயி எடுத்துக்கலாம். அவ கூட்டியாறேன்னு சொன்னா. அதான் இருக்கறேன்."

ஞானசம்பந்தம் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கீழே வைத்தான். அவிநாசிபாளையத்துக்கு அப்போது ஒரு பஸ் இருந்தது. யாரும் போகவில்லை.