நம்பர் வரிசையில் அடுக்கிய டேப்புகள்

டேப் அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பந்திங் பக்கம் எஸ்டேட் பள்ளியில் கற்ற தமிழ்தான் எனக்குத் தெரியும். ஆனால் கஸ்டமர்களின் கம்ப்யூட்டர் ஃபைல்களை டேப்பில் நகலெடுத்து வைக்கும் இந்த பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் டேப் மாற்றியிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கீழே போட்டதில்லை. அந்தத் தைரியத்தில் நான் செய்த பெரிய தப்பை எழுதுகிறேன்.

ஒரு புதன்கிழமை காலை கிள்ளானிலிருந்து எங்கள் கஸ்டமர் ஒருவர் கூப்பிட்டார். ஸ்கேன் எடுக்கும் இடம். அங்கே ஒரு அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஏழு வருடத்துக்கு முன்னால் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஆபரேஷன் தேவையா என்று டாக்டர் சொல்வாராம். அந்தப் பழைய படம் எங்கள் டேப்பில் மட்டும்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வேண்டும்.

பேக்கப் சர்வர் புதிது. பழைய டேப்பில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இம்போர்ட் கொடுத்தால் டேப்பைப் படித்து, உள்ளே இருக்கும் ஃபைல்களின் பட்டியலை டேட்டாபேஸில் எழுதிக்கொள்ளும். ஒரு டேப்புக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஒரு வாரத்து பேக்கப் ஐந்து டேப்பில் பரவியிருக்கும். ஐந்தும் சேர்ந்தால்தான் படம் திறக்கும்.

எங்கள் எஞ்சினியர் குமரேசனுக்கு முதல் டேப்பின் நம்பர் மட்டும் தெரிந்திருந்தது. 412. அதனால் ராக்கில் அதற்குப் பக்கத்தில் இருந்த 413, 414 என்று வரிசையாகக் கேட்டார். ஐந்து முடிந்தும் படம் திறக்கவில்லை, மேலும் கேட்டார். ராத்திரி முழுக்க நானும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வியாழன் காலை எட்டாவது டேப்பில் சர்வர் நின்றுவிட்டது.

"டேட்டாபேஸ்ல இடமே இல்ல ஆன்டி. இத கிளியர் பண்ணலன்னா மத்த கஸ்டமர் பேக்கப்பும் இன்னிக்கு ஓடாது" என்றார். பிறகு திரையைப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கொண்டார். "412-ல ஒரு மாசம் இருக்கு, 413-ல வேற மாசம் இருக்கு. எப்படி லா?"

நான் ராக்கைத் திரும்பிப் பார்த்தேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், எழுதி முடித்த டேப்புகளை அனுப்பி வைக்கும் எங்கள் கிள்ளான் ஸ்டோரை மூடினார்கள். டேப்புகள் எல்லாம் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. ஒரு பெட்டி என்றால் ஒரு வாரத்து பேக்கப். அந்த நேரம் பார்த்து ஆடிட் வந்தது. அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்து நம்பர்படி ராக்கில் அடுக்கினேன். மேனேஜர் சிவநாதன், வந்தவர்களிடம் என் பெயரைச் சொல்லிக் காட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மெஷின் நம்பர் பார்த்து எழுதுவதில்லை, கையில் கிடைத்த காலி டேப்பில்தான் எழுதும் என்பது அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை. எந்த டேப் எந்த வாரம் என்பதற்கு இருந்த அடையாளத்தை நானே கலைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை.

எனக்கு வருடா வருடம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறார்கள். அது புதுப்பிக்கிற மாதம். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முகம் தெரியாத அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

"தம்பி, நம்பர நம்பிப் போடாதீங்க. வாரவாரியா பெட்டியில இருந்ததக் கலைச்சு அடுக்கினது நான்தான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். பெட்டிகள் ஆபீசை விட்டுப் போனபோது யாராவது ஏதாவது எழுதினார்களா என்று மட்டும் கேட்டார்.

எழுதினார்கள். பெட்டி ஏற்றும்போது லோரி டிரைவர் உள்ளே இருக்கும் டேப் நம்பர்களை டோக்கெட் சீட்டில் எழுதுவார், நான் கையெழுத்துப் போடுவேன். எங்கள் பக்கத்துக் காப்பியெல்லாம் ஸ்டோர் ரூமில் ஒரு ஃபைலில் கிடந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து புரட்டினோம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அகப்பட்டது. 412, 455, 391, 460, 438. ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை.

தப்பாக இம்போர்ட் ஆன டேப்புகளின் பட்டியலைக் குமரேசன் அழித்தார். டேட்டாபேஸைச் சுருக்கினார். இடம் திரும்பி வந்தது. மீதி நான்கு டேப்பையும் போட்டோம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் படம் கிள்ளானுக்குப் போனது. கட்டி அன்றிருந்த அளவிலேயே இருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகத் திங்கட்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் பேன்ட்ரிக்குப் போய் இரண்டு பேருக்கும் டீ போட்டு எடுத்து வந்தேன்.

மேனேஜரிடமும் நானே போய்ச் சொன்னேன். சர்வர் நின்றதற்கான ரிப்போர்ட்டில் டேப் வரிசை மாறிவிட்டது என்று மட்டும் போடுகிறேன், யார் மாற்றினார்கள் என்பது எதற்கு என்றார் மேனேஜர். அந்த மனசை நான் மறக்க மாட்டேன். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

"எம்பேரப் போடுங்க சார். பின்னால வர்றவங்களுக்கு ஒரு சந்தேகம்னா யாரக் கேப்பாங்க?"

சரோஜா அ/பெ முனியாண்டி என்று அப்பா பெயரோடு டைப் பண்ணினார். கான்ட்ராக்டும் அந்த மாதமே புதுப்பித்தார்கள்.

நீங்களும் ஒரு நாள் ஏதாவது ஒரு டேப்பை இடம் மாற்றத்தான் போகிறீர்கள். அன்றைக்கே போய்க் குமரேசனிடம் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டார். என்னையே திட்டவில்லை.