அவர் வேண்டாமென்ற ஏர்கன்

அறுபத்தாறாம் வருடம், மழைக்காலம் முடிகிற சமயம். பம்பாயில், செம்பூரில், டிராம்பே போகிற சாலையை ஒட்டிய ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் துணி காயப்போட ஒரு சின்ன முற்றம், முற்றம் முடிகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கருங்கல் சுவர். இவ்வளவுதான் எங்கள் வீடு.

என் வீட்டுக்காரர் அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அவருக்கு இருந்த ஒரே ஆசை ஏர்கன். காக்கை குருவியைச் சுடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு எறும்பைக்கூடச் சுட்டதில்லை. காம்பஸை வைத்துக் காகிதத்தில் வட்டம் வட்டமாக வரைந்து, நடுவில் காலணா அளவுக்கு மை தீட்டி, அதைத்தான் சுடுவார். தொழிற்சாலை விளையாட்டு விழாவில் இரண்டு முறை கப் வாங்கியிருக்கிறார்.

எனக்கும் அந்த ஏர்கன்னுக்கும் ஆகாது. காரணம் தூரம். போட்டியில் பதினோரு கஜத்திலிருந்து சுடவேண்டுமாம். எங்கள் முற்றம் மொத்தமே ஏழு கஜம்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்து வந்ததும், முற்றத்துச் சுவரோரம் கோணிச்சாக்கு அடைத்த மரப்பெட்டியை வைத்து அதில் காகிதத்தை ஒட்டிவிட்டு, இவர் என் சமையலறைக்குள் வந்து அடுப்புப் பக்கத்தில் நின்றுகொள்வார். கொடியில் கிடக்கிற துணியை எல்லாம் நான் எடுத்துவிட வேண்டும். ஸ்டவ்வையும் அணைத்துவிட வேண்டும். அடுப்பிலிருந்து எழும்புகிற சூட்டில் குறி ஆடுகிறதாம். வாரத்தில் கறி எடுக்கிறது அந்த ஒரு நாள்தான். கறியை மஞ்சள் போட்டுப் பிசறி வைத்துக்கொண்டு, இவர் எப்போது முடிப்பார் என்று முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். டப் டப் என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை நான் எடுக்க மறந்த தலையணை உறையில் அழகாக ஒரு ஓட்டை விழுந்தது. ஒரு வாரம் அதையே அவர் தலைமாட்டில் போட்டு வைத்தேன்.

அந்த வருடம் ஜூன் மாதம் வேலையில் அவருக்கு விபத்து நடந்தது. சாணைச் சக்கரத்தில் இரும்பைத் தீட்டிக்கொண்டிருந்தவர், வியர்வையைத் துடைக்கப் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் இரும்புத் துணுக்கு ஒன்று தெறித்து வலது கண்ணில் ஏறிவிட்டது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசியில் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கு நடுவே ஒரு நினைப்பு வந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் கழித்து இதை எழுதுகிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை சமையலறை எனக்குத்தான் என்பதே அந்த நினைப்பு. வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனாலும் வந்தது வந்ததுதான். ‘ஆண்டவரே, நான் என்ன மனுஷி’ என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதேன். பக்கத்திலிருந்த மராத்தி அம்மாள், புருஷன் போய்விட்டார் என்று நினைத்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தவர் முன்போலத்தான் இருந்தார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலைக்குப் பதில் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை கொடுத்தார்கள். போனார், வந்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போகும், துடைத்துவிட்டுச் சிரிப்பார். பேச்சு மட்டும் குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துவிடுவார். நான் பதினோரு மணிக்கெல்லாம் கறிக்குழம்பை இறக்கிவிடுவேன்.

ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“ஏட்டி, அந்த ஏர்கன வித்துருவமா? இனி எனக்கு அது வேண்டாம்.”

அவர் வாய் மூடும் முன்னே நான் சரி என்றுவிட்டேன். கொஞ்சம் யோசிப்பதுபோலப் பாவனையாவது செய்திருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

கூட வேலை செய்கிற ஒருவர் மூலமாக ஆள் கிடைத்தார். தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கிற பாய். எங்கள் ஊர்ப் பக்கம் மேலப்பாளையத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். ஞாயிறு மத்தியானம் வந்து பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் கையோடு எடுத்துப் போவதாக ஏற்பாடு. அன்று காலையில் இவர் ஏர்கன்னை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் துடைத்தார். எண்ணெய் போட்டார். குழலுக்குள் துணியை விட்டு இழுத்தார். விற்கிற சாமானை இவ்வளவு துடைக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

பாய் வந்தார். வெள்ளை வேட்டி, தொப்பி, கையில் ஒரு பொட்டலம் மிட்டாய். நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதும் வீட்டுக்குள் ஒரு வெளிச்சம் வந்தாற்போல இருந்தது. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். இவர் மரப்பெட்டியைச் சுவரோரம் வைத்துக் காகிதத்தை ஒட்டினார். நான் கேட்காமலே ஸ்டவ்வை அணைத்துவிட்டு முன்னறைக் கதவோரம் நின்றேன்.

எப்படி நிற்க வேண்டும் என்று காட்டுவதற்காக இவர் ஏர்கன்னை எடுத்தார். பழக்க தோஷத்தில் வலது தோளில் வைத்தார். குறி வலது கண்ணுக்கு வருகிறபடி கன்னத்தைச் சாய்த்தார். அப்படியே நின்றார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அவருக்கு அங்கே என்ன தெரிந்திருக்கும்? ஒரு வெளிச்சம், ஒரு நிழல். பிறகு ஏர்கன்னை இறக்கி பாயிடம் நீட்டினார். இவருடைய கண் சமாசாரம் பாய்க்குத் தெரியும். பாய் முகத்தைத் திருப்பி வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் அதை வாங்கி இடது தோளில் வைத்தார். தோள் மாறிவிட்டது என்று இவர் சொன்னதும் பாய் சிரித்தார்.

“நான் பொறந்ததுலருந்து நொட்டாங்கைதான் தம்பி. தோலு வெட்டுறதும் இந்தக் கையிதான். சோத்துக்கு மட்டுந்தான் எங்கம்மா அடிச்சு மாத்துனா.”

முதல் குண்டு பெட்டியிலேயே படவில்லை. சுவரில் பட்டுத் தெறித்து விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். இவர் மெதுவாகப் பக்கத்தில் போய் பாயின் முழங்கையை ஒரு விரலால் உள்ளே தள்ளினார். இடது காலைக் கொஞ்சம் பின்னால் வைக்கச் சொன்னார். அவருக்கே அது எளிதாக இல்லை. வலது பக்கம் தெரிந்ததை எல்லாம் மனதுக்குள் இடது பக்கமாகத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. வெறுங்கையால் ஏர்கன் பிடிப்பதுபோல இடது தோளில் பிடித்துப் பார்ப்பார், யோசிப்பார், பிறகு பாயைத் திருத்துவார். மூச்சை முழுவதும் விடாமல் பாதியில் நிறுத்த வேண்டும், விசையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, குழலின் நுனியில் இருக்கிற குறி ஊசியைப் பார்க்க வேண்டுமே தவிரக் காகிதத்தைப் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் அந்த டப் டப் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அதற்குள் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதைவிட, ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர் சேர்ந்தாற்போல இவ்வளவு நேரம் பேசி அன்றுதான் கேட்டேன். முகத்தைப் பார்த்தேன். கண்கட்டு அவிழ்த்த பிறகும் ஏதோ ஒரு கட்டு அந்த முகத்தில் இருந்திருக்கிறது. அது அவிழ்ந்திருந்தது.

பத்தாவது குண்டோ பன்னிரண்டாவது குண்டோ, பாய் வட்டத்துக்குள் சுட்டுவிட்டார். இருவரும் முற்றத்துக்கு ஓடிப்போய்க் காகிதத்தில் விழுந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார்கள். பாய் திருப்தியாக வந்து உட்கார்ந்து, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, சட்டைப்பைக்குள் கையை விட்டார். இவர் பழைய வேட்டித்துணியில் ஏர்கன்னைச் சுற்ற ஆரம்பித்தார்.

என் கால் எப்படி முன்னால் வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் பேசி எனக்குப் பழக்கமே இல்லை.

“பாய், தப்பா நெனைக்காதீங்க. அத நாங்க விக்கல.”

இவர் சுற்றுகிற கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பாய் பைக்குள் விட்ட கையை எடுக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த மனிதர், எங்களை நம்பி ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. இவர் என் பக்கம் திரும்பி, சொன்ன சொல்லு என்று ஒன்று இருக்கிறது, பேசாமல் இரு என்றார். அவர் என்னை அதட்டிப் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் நகரவில்லை.

பாய்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“இருக்கட்டும் தம்பி, தங்கச்சி சொல்றது சரிதான். நான் இத எடுத்துட்டுப் போனா, ஒவ்வொரு தடவ தூக்கும்போதும் ஒங்க மொகந்தான் ஞாபகம் வரும். எனக்கு வேற ஒண்ணு எங்கயாவது கெடைக்கும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு இவர் பக்கம் குனிந்து சொன்னார்: “எனக்கு இடது தோளுல கத்துக்கொடுத்த ஆளுக்கு, தன்னோட இடது தோளுக்குக் கத்துக்கொடுக்கத் தெரியாதா?”

இவர் வேட்டித்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

பாயைச் சும்மா அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் வாங்கிய கறி ஹலால் இல்லை, அவருக்கு ஆகாதே என்று முட்டைக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்துச் சோறு போட்டேன். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இவர் அவரை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டு வந்தார்.

வந்ததும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்த அந்த நினைப்பை அவரிடம் சொன்னேன். சொல்லாவிட்டால் சோறு இறங்காது போலிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே பயம். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“எனக்கு ஆஸ்பத்திரில மயக்கம் தெளிஞ்சதும் மொத நெனப்பு என்ன வந்துச்சு தெரியுமாட்டி? அப்பாடா, இனி நைட் ஷிஃப்ட்டு கெடையாதுன்னு. மனசுக்கு வெவஸ்த ஏது.”

நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் இடது தோளில் வைத்துச் சுட ஆரம்பித்தார். நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும். உடனே குறி வந்துவிடவில்லை. முதல் மாதம் பெட்டியைவிடச் சுவர்தான் அதிகம் அடி வாங்கியது. கோபம் வந்து இரண்டு முறை ஏர்கன்னைக் கட்டில் மேல் எறிந்தார். கை பழகட்டும் என்று தலை சீவுவது, பொத்தான் போடுவது, சவரம் செய்வது எல்லாம் இடது கைக்கு மாறியது. சவரத்தில் தாடையைக் கிழித்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனால், வீட்டில் பூனை வளர்க்கிறாயா என்று கேட்பார்களாம். பாயும் எங்கேயோ தேடிப்பிடித்து ஒரு ஏர்கன் வாங்கிக்கொண்டு மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்துவிடுவார். முன்பு ஒருவர் நின்ற இடத்தில் இரண்டு பேர். என் சமையலறை நிரம்பி வழியும். சனிக்கிழமை சாயங்காலமே பாதிச் சமையலை முடித்துவைக்க நான் கற்றுக்கொண்டேன். குண்டு எதற்கு வட்டத்துக்கு வெளியே போகிறது, எதற்கு மேலே ஏறுகிறது என்று கேட்கவும் கற்றுக்கொண்டேன். கேட்டால் அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

மறு வருடம் விளையாட்டு விழாவில் பதிமூன்று பேரில் பதினொன்றாவதாக வந்தார். கப் வாங்கிய வருடங்களில்கூட வீட்டுக்கு நடந்து வந்தவர்தான். அன்று டாக்ஸி பிடித்து என்னைக் கூட்டிவந்தார்.

ஐந்தாறு வருடம் கழித்து பம்பாய்க்கு வெளியே கல்யாண் என்ற ஊருக்குக் குடிபோனோம். அதற்குள் இரண்டு பிள்ளைகள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை, வீட்டை எப்படி அளந்தாலும் பதினோரு கஜம் வராது, தவழுகிற பிள்ளை வேறு. அவரே ஒரு நாள் ஏர்கன்னைத் தொழிற்சாலை கிளப்புக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து, காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். அன்றும் அவர் முகத்தைப் பார்த்தேன். கவலைப்பட ஒன்றும் இல்லை.

இப்போது எனக்கு மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள். வீட்டில் யாராவது ‘இனி எனக்கு அது வேண்டாம்’ என்று சொன்னால், நான் சட்டென்று சரி சொல்வதில்லை. கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் அவர்கள் முகத்தைத்தான் பார்க்கிறேன்.