காப்பி கிளப்பில் மாப்பிள்ளை பார்த்தது

காலேஜ் பையன்களைப் பற்றி மதுரையில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. காலேஜ் வாசலை மிதிக்காதவர்களுக்கு அது இன்னும் உறுதியாக உண்டு. நான் நான்காம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இளவயதில் பல வருஷம் ஒரு பெரிய காலேஜுக்கு எதிரே இருந்த காப்பி கிளப்பில் பரிமாறும் வேலை பார்த்தேன். இப்போது காளவாசல் பக்கம் சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பெண்ணைப் பெற்றவர்கள் இன்றும் என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

“அண்ணே, நீங்க அங்கனயே கெடந்தவரு. காலேஜுப் பயலுக்குப் பொண்ணு குடுக்கலாமா?”

எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் பார்க்கும்போது என் வாயில் பேச்சு வராது. சும்மா சிரித்துவிட்டுத் தம்ளர் கழுவப் போய்விடுவேன். அவர்களுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஊர் சொன்னது நான்கு விஷயம். காலேஜ் பையன் அப்பன் காசைக் கரைப்பான். சாமி கும்பிட மாட்டான். பெற்றவனை எதிர்த்துப் பேசுவான். கடைசி ஒன்றை மட்டும் மன்னித்துவிட்ட குரலில் சொல்வார்கள்: விளையாட்டுப் பிள்ளை, வாயில் வருவதெல்லாம் வேடிக்கை, மனசில் ஒன்றும் இருக்காது.

முதல் மூன்றும் பெரும்பாலும் பொய். ஊதாரிகள் சிலர் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. மற்றவர்கள் ஒரு காப்பியை வாங்கி இரண்டு தம்ளரில் பிரித்துக் குடித்தவர்கள். ஒரு இட்லிக்கு வாளி சாம்பாரையும் கேட்பார்கள். பரீட்சை நெருங்கினால் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க இடம் கிடைக்காது. அப்பன்மார் ஊரிலிருந்து வரும் நாளில் அவர்களைப் பார்க்க வேண்டும். முந்தின நாள் வரை மேஜை மேல் கால் போட்டு உட்கார்ந்தவன், அப்பன் முன்னால் வேட்டியை இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அப்பன் பகலை இரவு என்றாலும் ஆமாம் என்பான்.

நாலாவதைத்தான் எல்லோரும் ஆசையாக நம்பினார்கள். அவர்களுடைய விளையாட்டு எப்படிப்பட்டது என்று நான் பார்த்திருக்கிறேன். காலேஜ் வாசலில் திக்கிப் பேசும் கடலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒருவன் பின் ஒருவனாகப் போய் அவரிடம் விலை கேட்பார்கள். அவர் கழுத்து நரம்பு புடைக்க விலையைச் சொல்லி முடிக்கும்வரை மிகவும் பொறுமையாகக் காத்திருப்பார்கள். பிறகு, வேண்டாம் என்று திரும்பிவிடுவார்கள். என்னிடமும் அப்படித்தான். என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே கேட்பார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வேன். “காதுல விழலை, மறுபடி சொல்லு” என்பார்கள். என் பெயர் யாருக்கும் தெரியாது. “ஏய் காப்பி” என்பார்கள். அவர்கள் பெயரும் எனக்குத் தெரியாது. தங்களுக்குள் பட்டப்பெயரிலோ ‘மிஸ்டர்’ என்றோதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

எங்கள் ஊர் விளாங்குடிக்கு மேற்கே. நஞ்சையும் புஞ்சையும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. என் தங்கைக்குக் கல்யாண வயது வந்தபோது அத்தை மகன் உரிமையோடு காத்திருந்தான். ஏர் உழுகிறவன். அமைதியானவன். அந்தச் சமயத்தில் தெரிந்தவர் ஒருவர் மூலம் அவனியாபுரத்துக்குத் தெற்கேயிருந்து ஒரு பேச்சு வந்தது. மாப்பிள்ளை பி.ஏ. படிக்கிறார், நான் வேலை பார்க்கும் கிளப்புக்கு எதிரே உள்ள அதே காலேஜில். எங்கள் அய்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சொந்தத்தை விட்டு அசலில் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

அத்தை வந்து முற்றத்தில் நின்று கத்தினாள். “எம்மகனுக்கு என்னடா கொறச்சல்? கை இல்லையா, கால் இல்லையா?”

“எல்லாம் இருக்கு. எழுத்துத்தான் இல்லை” என்றார் அய்யா.

“அசல்ல குடுத்துட்டு எங்கிட்ட வந்து அழுவாத. அம்புட்டுத்தான் சொல்லுவேன்.”

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முற்றிவிட்டால், பெண்ணின் தகப்பனார் தான் யாரென்று சொல்லாமல் போய், மாப்பிள்ளை எப்படி நடக்கிறார், எப்படிப் பேசுகிறார் என்று மறைவாகப் பார்த்துவிட்டு வருவார். பார்க்கப்படுகிறவருக்குத் தெரியக்கூடாது. முதலில் அய்யா அந்த வேலையை என்னிடம்தான் விட்டார். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? அவர்கள் பக்கத்தில் போனாலே என் காது சூடாகிவிடும்.

“இம்புட்டு நாளா அங்கன கெடக்க, ஒரு வார்த்தை கேக்க வாய் வரலையாடா? ஒன்னைப் பெத்ததுக்கு ஒரு உரலைப் பெத்திருந்தா மாவாச்சும் ஆட்டியிருப்பேன்” என்று ஊரார் முன்னால் சொன்னார். பிறகு அவரே புறப்பட்டு வந்தார்.

நல்ல துண்டை வீட்டில் வைத்துவிட்டு, அழுக்கு வேட்டியோடு வண்டிக்காரர் மாதிரி வந்து கிளப்பு பெஞ்சியில் உட்கார்ந்தார். அது காலேஜ் இடைவேளை. பக்கத்து மேஜையில் வழக்கமான கும்பல் ஒன்று இருந்தது. அய்யா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர்களிடமே திரும்பினார்.

“தம்பி, இன்ன ஊரு, இன்னாரு மகன் இங்கன படிக்கிறாராமே, தெரியுமா?”

ஒருவன் காலால் இன்னொருவன் காலை மிதித்ததை நான் பார்த்தேன்.

“எதுக்குக் கேக்குறீக பெரியவரே?”

“சும்மாதான். அவுக அய்யா நமக்குப் பழக்கம்.”

“பழக்கமா, சம்பந்தமா?” என்றான் ஒருவன். மேஜை வெடித்தது. அய்யாவும் பல்லைக் காட்டினார். மறைவாகப் பார்க்க வந்த வேலை அங்கேயே கெட்டது. அய்யாவுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. படித்தவர்கள் தன்னிடம் வாய் கொடுக்கிறார்களே!

பிறகு ஆளுக்கு ஒன்றாக ஆரம்பித்தார்கள்.

“அவனா? அவனுக்கு ஏற்கெனவே ரெண்டு பொண்டாட்டி. மூணாவதுக்கு ஹாஸ்டல்ல எடமில்லை.”

“நாடகக் கம்பெனியில பொம்பளை வேசம் போடுற ஆள் பின்னாடியே திரியுறான். வேசம்னு சொன்னா நம்ப மாட்டேங்குறான்.”

“ஒரு கண்ணு அவிஞ்சுபோச்சு பெரியவரே. கண்ணாடிக் கண்ணு. ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைப்பான்.”

அய்யா கண்ணில் நீர் வரச் சிரித்தார். மேஜையின் ஓரத்தில் ஒல்லியான ஒருவர் இருந்தார். எப்போதும் சர்க்கரை குறைவாகக் கேட்பவர். அவர் மட்டும் தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்து, “நீயும் ஒண்ணு சொல்லு மாப்ள” என்றார்கள்.

அவர் நிமிர்ந்து அய்யாவைப் பார்த்தார்.

“இவங்க சொல்றதெல்லாம் பொய். நான் சொல்றேன், கேளுங்க. அவன் குடிக்க மாட்டான். வேற பழக்கமும் இல்லை. ஆனா அவனுக்குப் படிக்காத பொண்ணு வேண்டாம். அதை அவுக அய்யாகிட்டச் சொல்லப் பயம். கட்டுன்னா கட்டிருவான். கட்டி, அவுக அய்யா வீட்டுத் தொழுவத்துல மாட்டோட மாடா விட்டுட்டுப் போயிருவான். ஒரு நாளும் கூப்பிட மாட்டான். பொண்ணைப் பெத்தவரை நீங்க பாத்தா, வேற எடம் பாக்கச் சொல்லுங்க.”

மேஜையே குலுங்கியது. “பிரமாதம்டா! நீ போய் நாடகத்துல சேந்துரு!” என்று ஒருவன் அவர் முதுகில் அறைந்தான். அய்யாவும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர்கள் குடித்த காப்பிக்கெல்லாம் தாமே காசு கொடுத்தார். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டிக்காரர் வேஷம் கலைந்துவிடக்கூடாது என்று நினைத்திருப்பார்.

அந்த வாரம் நான் ஊருக்குப் போனபோது வீடே அந்தப் பேச்சில்தான் இருந்தது. ஒவ்வொரு பையன் மாதிரியும் அய்யா பேசிக் காட்டினார். கண்ணாடிக் கண்ணுக்கு ஆத்தா அடுப்படியிலிருந்தே சிரித்தாள்.

“பய புள்ளைக என்னமா வெளையாடுதுக! மனசுல கள்ளம் இருந்தா இப்படி மூஞ்சிக்கு நேரா பேச வருமா?” என்றார் அய்யா. அந்தப் பையன்களின் விளையாட்டைப் பார்த்தே மாப்பிள்ளை மேல் அவருக்குப் பிரியம் கூடிவிட்டது. அப்படிப்பட்ட கூட்டாளிகள் உள்ளவர் தங்கமாகத்தான் இருப்பார் என்றார்.

தங்கை ஆட்டுக்கல்லில் இருந்தாள். நான் தண்ணீர் மொள்ளப் போனபோது மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, கடைசியாச் சொன்னாரே, அவரு சிரிச்சாரா?”

நான் யோசித்துப் பார்த்தேன். “இல்லை” என்றேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு நேரே அய்யாவிடம் போனாள். எங்கள் வீட்டில் பெண்கள் அப்படிப் போவது கிடையாது. “அத்தை மகனையே கட்டிக்கிறேன்யா” என்றாள். அய்யா அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “ஒன் மூஞ்சிக்கு ஒரு பி.ஏ. கெடைக்கிறானேன்னு நானே ஆச்சரியப்பட்டுக்கிட்டு இருக்கேன். ஒனக்குச் சாணிதான் கேக்குதோ?” என்றார். ஆத்தா அதற்கும் சிரித்தாள். நானும் வாய் திறக்கவில்லை. உரல் பேசி அந்த வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள்?

பரிசம் போடும் நாளில் மாப்பிள்ளை வருவது வழக்கமில்லை. அதனால் கல்யாணத்தன்றுதான் அவரைப் பார்த்தோம். மாப்பிள்ளையின் காலைக் கழுவிப் பந்தலுக்குள் அழைத்து வருவது பெண்ணின் உடன்பிறந்தவன் வேலை. நான் செம்போடு குனிந்து இரண்டு காலையும் கழுவி முடித்து நிமிர்ந்தேன். சர்க்கரை குறைவாகக் கேட்பவர், மாலையும் கழுத்துமாக நின்றார். அவருக்குப் பின்னால் அந்தக் கும்பல் நின்றது.

“என்ன மாப்ள, இன்னைக்கு வெறும் தண்ணிதானா? காப்பி இல்லையா?” என்று மாப்பிள்ளை என்னிடம் கேட்டார்.

அய்யாவும் பார்த்துவிட்டார். வாய் திறந்தபடி நின்றார். அந்த ஒரு கணம் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றே இன்றும் நினைக்கிறேன். பிறகு அவர் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார். சம்பந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தையும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அய்யா கைகொட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

“அடேயப்பா! மாப்பிள்ளை அன்னைக்கே நம்மளை ஏமாத்திப்புட்டாரு பாருங்க! அவரைப் பத்தி அவர்கிட்டயே விசாரிச்சிருக்கேன்!”

கதையைப் பந்தல் முழுவதும் சத்தம் போட்டுச் சொன்னார். தொழுவம், மாடு எல்லாவற்றையும் விடாமல் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார், அவருடைய அய்யா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு. தாலி ஏறும்போதும் பின்வரிசையில் சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். குனிந்திருப்பதுதான் லட்சணம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை படித்து முடித்தார். சென்னையில் உத்தியோகம் கிடைத்தது. தங்கை மாமனார் வீட்டில் இருந்தாள். வருஷங்கள் போயின. பொங்கலுக்கு வருவார், போவார். படித்த பெண் ஒருத்தியோடு அங்கே குடித்தனம் நடத்துகிறார் என்று வந்த பேச்சை அய்யா காதில் வாங்கவில்லை. அத்தை மகன் வேறு பெண்ணைக் கட்டிப் பிள்ளைகள் பெற்றுவிட்டான். அவன் எங்கள் தெரு வழியாகப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு போகும்போதெல்லாம் ஆத்தா உள்ளே போய்விடுவாள்.

கடைசியில் ஒரு பொங்கலுக்கு அய்யா என்னைக் கூட்டிக்கொண்டு நியாயம் கேட்கப் போனார். மாப்பிள்ளை மிகவும் மரியாதையாக எழுந்து வந்தார். அய்யாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தாம் நின்றுகொண்டார். தங்கை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனாள். அவள் வந்து போனபின் அந்த இடத்தில் சாண வாடை இருந்தது. மாப்பிள்ளை மூக்கைச் சுளிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

“மாமா, உங்ககிட்ட நான் எதையாவது மறைச்சேனா?” என்றார்.

அய்யா தம்ளரைக் கையில் எடுத்தார்.

“கிளப்புல வச்சு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேன். என்ன செய்வேன்னு சொன்னேனோ அதைத்தான் செஞ்சிருக்கேன். நீங்கதான் சிரிச்சீக. கல்யாணப் பந்தல்ல ஊருக்கே சொல்லிச் சிரிச்சீக. இப்ப வந்து நியாயம் கேட்டா எப்படி?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அய்யா காப்பியை முழுவதும் குடித்து முடித்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

தொழுவத்தைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். தங்கை கூடையோடு நிமிர்ந்தாள்.

“என்னய்யா சொன்னாரு?”

“வெளையாட்டுக்கு என்னமோ சொல்லுறாரு ஆத்தா. அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போவாரு. காலேஜுல படிச்ச புள்ளைக அப்படித்தான் பேசுங்க” என்றார் அய்யா. சொல்லிவிட்டு நிற்காமல் வண்டிக்கு நடந்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“சிரிச்சாராண்ணே?”

“சிரிச்சாரு” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்தாள். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அய்யா மாட்டை அடித்தார். அன்றைக்கு அந்த மாடு வாங்கிய அடியை வேறெந்த நாளும் வாங்கவில்லை.