அரையிறுதிக்கு முதல்நாள் நான் சொன்னது

ரொறன்ரோவில் தமிழர் மூன்று பேர் ஒரு மேசையில் இருந்து விளையாட்டுப் பேசினால் அது கிரிக்கெட்டாகத்தான் இருக்கும் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நாங்கள் பேசியது றக்பி. அதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. நான் பிறந்தது யாழ்ப்பாணம் என்றாலும் படித்தது கொழும்பில். பள்ளிக்கூட றக்பி மட்சுகளுக்கு மழைக்குள் நின்று தொண்டை கிழியக் கத்திய ஆள். நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிற மூத்தவர் மட்டக்களப்பு. ஆனால் இளமையில் கண்டியில் வேலை பார்த்தவர், அங்கே இருந்தவருக்கு இந்தப் பைத்தியம் பிடிக்காமல் இருக்க வழியில்லை. இங்கே நகரப் பஸ் ஓட்டுகிறார். மூன்றாமவன் பிக்கரிங்கில் இருந்து வருகிற என் நண்பன், வீடு விற்கிற முகவர். வாழ்க்கையில் ஒருநாளும் பந்தைத் தொட்டதில்லை. அதனால் எங்கள் இரண்டு பேரையும்விட அதிகம் பேசுவான்.

எங்கள் இடம் ஸ்காபரோவில் ஒரு டோனட் கடை. எதிரே என் மகள் படிக்கிற உயர்பள்ளி. பெண்கள் றக்பி அணியில் அவள் விளையாடினாள், பயிற்சி முடியும்வரை நான் அந்தக் கடையில் காத்திருப்பேன். முதலில் அண்ணை வேலை முடிந்து வந்து சேர்ந்துகொண்டார். பிறகு நண்பனும் வந்தான். போன வருடம் வசந்தகாலம் முழுக்க, அந்தப் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தை உலகக் கிண்ணம்போல நாங்கள் அலசினோம். தோளோடு தோள் முட்டுகிற ஸ்க்ரமில் யார் தள்ளவில்லை, பந்தோடு ஓடுபவளைப் பிடித்து விழுத்துகிற டக்கிளில் யார் பயப்படுகிறாள், எந்தப் பள்ளி மேற்குப் பக்கத்தில் இருந்து என்ன தந்திரத்தோடு வருகிறது என்றெல்லாம் கோப்பி ஆறிப்போகும்வரை பேசுவோம்.

றக்பியில் பத்தாம் இலக்கச் சட்டை போட்டவள்தான் அணியின் மூளை. பந்து கையில் வந்தால் ஓடுவதா, கொடுப்பதா, உதைப்பதா என்பதை அரை நொடியில் அவள் தீர்மானிக்க வேண்டும். எங்கள் அணியின் பத்து ஓர் உயரமான பிள்ளை. பருவத்தின் நடுவில் அவளுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டதால் அந்தச் சட்டை என் மகளுக்கு வந்தது. மூன்று ஆட்டங்கள். மூன்றிலும் வெற்றி. மூன்றாவது, கால் இறுதி.

அந்தக் கால் இறுதியில் அவள் செய்ததை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். எதிரணி முழுக்க முன்னுக்கு ஓடிவர, கொடுப்பதுபோல ஒரு பாவனை காட்டிவிட்டு, அவர்களின் தலைக்கு மேலால் பந்தைத் தட்டி உதைத்து, தானே ஓடிப்போய் எடுத்துக் கோட்டுக்கு அப்பால் விழுந்து புள்ளி எடுத்தாள். கொழும்பில் நான் கத்தி உற்சாகப்படுத்திய எந்தப் பெரிய ஆட்டக்காரனும் எனக்கு அப்படி ஒரு சந்தோசத்தைத் தந்ததில்லை.

அண்ணை என் முதுகில் அடித்து, "தம்பி, உம்மட பெட்டை கலக்கிப்போட்டாள்!" என்றார்.

நான் சொன்னேன்: "எங்கை அண்ணை, அரைவாசி நேரம் நித்திரையெல்லோ. ஏதோ குருட்டு வாக்கிலை பட்டிட்டுது."

"விசர்க் கதை கதையாதையும். அவளைப்போலை ஆர் இருக்கினம்?"

இப்படித்தான் எங்கள் ஆட்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது. பெற்றவன் தாழ்த்த வேண்டும், கேட்பவன் உயர்த்த வேண்டும். பல்கலைக்கழகம் கிடைத்தாலும் "ஏதோ கிடைச்சிருக்கு" என்பான் தகப்பன். "உங்கட பிள்ளைக்குக் கிடைக்காமல் ஆருக்கு?" என்பார் மற்றவர். பெற்றவனே புகழ்ந்தால் கண்ணூறு படும், அதைவிட முக்கியம், ஆட்கள் பின்னால் சிரிப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது. மற்றவருக்கு அவருடைய பங்கு தெரிந்திருக்க வேண்டும். இது எனக்கு அப்போது புத்தியில் படவில்லை.

அரையிறுதிக்கு முதல்நாள் பின்னேரம் மூன்று பேரும் கடையில் இருந்தோம். உயரமான பிள்ளைக்குக் கால் சுகமாகிவிட்டது. நாளைக்கு யார் பத்து? இதுதான் பேச்சு. இனித் தோற்றால் வெளியே, இரண்டாவது வாய்ப்பு இல்லை. நண்பன் ஒரு கடதாசித் துவாயில் மைதானம் கீறி அம்புக்குறிகள் போட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், உன்ர மகளை மாத்தினால் நாங்கள் முடிஞ்சம்" என்றான்.

"அவளை நம்பி இறங்கினால்தான் முடிஞ்சம்" என்றேன் நான், வழக்கம்போல.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அணியின் பயிற்சியாளர் வந்தார். அந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை, இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெண். கோப்பி வாங்கிக்கொண்டு நேரே எங்கள் மேசைக்கு வந்தார். "உங்கள் மகள் சொன்னாள், இங்கேதான் நிபுணர் குழு கூடுகிறதாம். அப்பாவுக்கு இந்த விளையாட்டு நன்றாகத் தெரியும் என்று எப்போதும் சொல்வாள்" என்றார் ஆங்கிலத்தில். அவள் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறாள். அவளுக்கு அது இயல்பாக வந்திருக்கிறது.

பிறகு ஆசிரியை குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "உண்மையைச் சொன்னால், பத்துக்கு யாரைப் போடுவதென்று எனக்கு இன்னும் முடிவில்லை. நீங்கள் எல்லா ஆட்டமும் பார்த்தவர். உங்களுக்கு எப்படிப் படுகிறது?"

கேட்டது என் மகளுடைய தகப்பனிடம். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "என் மகள் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். றக்பி தெரிந்த திமிர் விடவில்லை. நெருக்கடியில் பதறுவாள் என்றேன். இடது காலால் உதைக்கத் தெரியாது, எதிரணி அந்தப் பக்கத்தை அடைத்தால் திணறுவாள் என்றேன். பெரிய ஆட்டத்துக்கு மற்றப் பிள்ளைதான் பாதுகாப்பு என்று முடித்தேன். சொல்லி முடித்துவிட்டு, என்னை அறியாமலே மற்றவர்களின் பங்குக்காகக் காத்திருந்தேன். இல்லை, உங்கள் மகள் கெட்டிக்காரி என்று யாராவது சொல்ல வேண்டுமே.

ஒருவரும் சொல்லவில்லை. ஆசிரியை என்னை மரியாதையோடு பார்த்தார். "நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. பெற்றோர்கள் ஒருவரும் இப்படிச் சொல்வதில்லை" என்றார். எனக்கு அது புகழ்ச்சியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். தலையைக்கூட ஆட்டினேன்.

அவர் வெளியே போனதும் அண்ணை கோப்பிக் கோப்பையை வைத்தார். "ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீர்?"

"சும்மாதானே அண்ணை."

"அது எங்களுக்குத் தெரியும். அவவுக்குத் தெரியுமோ?"

"அப்ப நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"நான் எப்பிடிச் சொல்லுறது? பெட்டைக்குச் சிபாரிசு பிடிக்கிற மாதிரியெல்லோ இருக்கும்" என்றார் அண்ணை. அவருக்கு அவருடைய கூச்சம். நண்பன் தன் அம்புக்குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜன்னலால் பார்த்தேன். ஆசிரியை வீதியைக் கடக்கச் சிக்னலுக்குக் காத்து நின்றார். ஓடிப்போயிருக்கலாம். கடைக் கதவில் இருந்து இருபது அடிதான். ஓடிப்போய் என்ன சொல்வது? "நான் சொன்னது பொய், என் மகள்தான் திறம்" என்றா? வளர்ந்த மனிதன் நடுவீதியில் நின்று தன் பிள்ளையைப் புகழ்வதா? சிக்னல் மாறியது. அவர் போய்விட்டார். அந்த வெட்கத்தை ஒரு நிமிடம் விட்டிருந்தால் என்று எத்தனை தரம் என்னை நானே திட்டியிருக்கிறேன்.

அடுத்த நாள் குளிர்காற்று. உயரமான பிள்ளை பத்தாம் இலக்கச் சட்டையோடு இறங்கினாள். என் மகள் வெளியே மாற்று ஆட்டக்காரிகளின் வாங்கில் ஜக்கெட்டோடு இருந்தாள். அணி தோற்றிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அவ்வளவு கேவலமாகத்தான் என் மனம் இருந்தது. ஆனால் வென்றார்கள். மோசமான ஆட்டம், மூன்று புள்ளி வித்தியாசம், ஆனால் வெற்றி. என் மகள் துள்ளி ஓடிப்போய் எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். அவள் சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

கார் கிங்ஸ்டன் வீதிக்குத் திரும்பும்போது அவள் கேட்டாள்.

"அப்பா, கோச் நேற்று உங்களிட்டை என்னைப் பற்றிக் கேட்டவவா?"

"ஓம்."

"நான் பனிக் பண்ணுவன், பதறிப்போவன் எண்டு சொன்னனீங்களாம். உண்மையா?"

நான் விளக்கத் தொடங்கினேன். எங்கட ஆக்கள் அப்பிடித்தான் பிள்ளை, வெளியாலை சொந்தப் பிள்ளையைப் புகழக்கூடாது, அது பண்பில்லை, கண்ணூறு படும். அவள் முழுவதையும் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் பார்த்தாள்.

"சரி, அது வெளியாலை. அப்ப வீட்டிலை?"

கால் இறுதி முடிந்து, அந்தச் சந்தோசத்தோடு காரில் ஏறிய அன்றும் நான் அவளுக்குச் சொன்னது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் கெதியாப் பாஸ் குடுத்திருக்கலாம். வீட்டிலும் நான் புகழ்ந்ததில்லை. புகழ்ந்தால் பிள்ளைக்குத் தலைக்கனம் வரும் என்று என்னை வளர்த்தவர்கள் சொன்னதை நானும் கேள்வி கேட்காமல் சுமந்து வந்திருக்கிறேன்.

மறுநாள் பள்ளிக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் சொன்னது பிழை, என் மகளைப் போடுங்கள் என்றேன். வென்ற அணியை மாற்றுவதில்லை என்றார் ஆசிரியை, மிகவும் மரியாதையாக. அரையிறுதிக்கு முதல்நாள் எனக்குக் கிடைத்த நேர்மையானவன் என்ற பெயர் அந்த அழைப்போடு போயிற்று. இறுதிப் போட்டியில் கடைசிப் பத்து நிமிடம் என் மகளை இறக்கினார்கள். அதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது. பந்து அவளிடம் இரண்டு தரம் வந்தது. இரண்டு தரமும் யோசிக்காமல் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டாள்.

இந்த வருடம் பனி கரைகிற நேரம், அணிக்குப் பெயர் கொடுக்கிற பத்திரம் வீட்டுக்கு வரவில்லை. கடைசி நாளும் கடந்துவிட்டது என்று வேறொரு தகப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சமையலறையில் அவள் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டு நின்றாள். ஏன் சேரவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு அந்தளவுக்கு வராது அப்பா."

அப்போது சொன்னேன். வாழ்க்கையில் முதல் தரம், ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். "நீதான் அந்த ரீமிலை திறமான பிள்ளை. நான் எத்தினையோ மட்ச் பாத்தனான். உன்னைப்போலை பந்தை வாசிக்கிற பிள்ளையை நான் காணேல்லை. சத்தியமாச் சொல்லுறன்."

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இட்ஸ் ஓகே அப்பா. நீங்கள் கோச்சுக்கு உண்மையைத்தான் சொன்னனீங்கள். இப்ப நான் பாவம் எண்டு இப்பிடிச் சொல்லுறீங்கள்."

சொல்லிவிட்டு என் தோளில் இரண்டு தரம் மெதுவாகத் தட்டினாள், நான்தான் ஆறுதல் தேவைப்பட்டவன் என்பதுபோல.