சீமோன் படிப்பித்த பிரெஞ்சு

சீமோன் பஸ்ரியன் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? என் மனைவி நிசாந்தினிக்கும் அதுதான் தோன்றியது. பாரிஸ் பெண், வயது இருபத்திரண்டு, ஒரு வருடம் கனடாவில் ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளை பார்த்துக்கொண்டே ஆங்கிலம் பழக விருப்பம். இப்படி வருகிறவர்களை ஓ பேர் என்கிறார்கள். எங்கள் ஐந்து வயது மகள் மிதுஷாவைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். எங்கள் இருவருக்கும் தெரிந்த பிரெஞ்சு, பால் பெட்டியில் அச்சடித்திருப்பது மட்டுமே.

வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று வரப்போகிறது என்று எங்கள் மில்லிக்கன் பகுதி முழுக்கச் சொல்லிவிட்டாள் நிசாந்தினி. வீடியோ அழைப்பில் வீடு குப்பையாகக் கிடக்கிறது என்று இவள் கமராவை அணைத்துவிட்டாள். தலை வாரி இழுக்கவில்லை என்று அந்தப் பிள்ளையும் அணைத்துவிட்டாள். எங்கள் பெயர்களை நிஷா, மாக்ஸ் என்று கொடுத்திருந்தோம். மாக்ஸ் என்பது நான்தான். மகேஸ்வரனை இந்த ஊர் வாய்கள் படுத்திய பாட்டில் அப்படி ஆகிவிட்டது.

விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பிள்ளை எங்களைப் பார்த்தாள். நாங்கள் அவளைப் பார்த்தோம். மூன்று பேருக்கும் முகம் விழுந்துவிட்டது.

“அன்ரி, நீங்கள் தமிழோ?” என்றாள் சீமோன்.

நிசாந்தினிக்கு வயது முப்பத்தேழு. ‘தமிழோ’வை விட அந்த ‘அன்ரி’தான் அவளை ஆழமாகக் குத்தியது என்று நினைக்கிறேன். காரில் வரும்போதே சட்டம் போட்டாள். தன்னை அக்கா என்று கூப்பிட வேண்டும். பிள்ளையோடு பிரெஞ்சு மட்டும், தமிழ் மூச்சும் விடக்கூடாது. எங்கள் வீட்டில் தமிழ் சண்டைக்கு மட்டும்தான். அதையும் அறைக் கதவைச் சாத்திவிட்டே பிடிப்போம்.

சீமோனின் தகப்பன் யாழ்ப்பாணத்துப் பாஷையூரிலிருந்து பாரிஸுக்குப் போனவர். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் எந்தச் சந்தியில் நின்றாலும் ஒரு அன்ரி வந்து கலியாணம் எப்போது என்று கேட்கிறாராம். அந்த அன்ரிமாரிடமிருந்து தப்பத்தான் கடல் கடந்தாளாம். தப்பி வந்து இறங்கிய இடம், அதே அன்ரிமார் நிறைந்த ஸ்காபரோ. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்குள் ஒரு மண்டபத்தில் ஓ பேர்கள் கூடுவார்கள். சீமோன் அங்கே ஒரு பிரேசில்காரியிடம் நடனம் பழகினாள், பதிலுக்குக் கையால் சோறு குழைத்துச் சாப்பிடப் பழக்கினாள். திங்கட்கிழமையும் அந்த உற்சாகம் போகாது. சமையலறையில் மிதுஷாவும் அவளும் ஆடியபடிதான் பாத்திரம் கழுவுவார்கள்.

நிசாந்தினிக்கோ வெளியில் தலைகாட்ட முடியவில்லை. வெள்ளைக்காரியைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுத் துர்க்கா, “உது எங்கட பிள்ளையெல்லோ?” என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பு இவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஆளை மாற்றித் தரும்படி, சீமோனை அனுப்பிவைத்த ஏஜென்சிக்கு எழுதினாள். குடும்பங்களும் வரும் ஒன்றுகூடலில் பேசி முடிவெடுக்கலாம், பிரான்சின் அல்சாஸ் பகுதிப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று பதில் வந்தது.

விஷயம் தெரிந்ததும் சீமோன் என்னிடம் வந்தாள். “அண்ணை, திரும்பிப் போனா அம்மா கலியாணத்தைப் பேசி முடிச்சுப்போடுவா. அக்காவிட்டை ஒருக்காச் சொல்லுங்கோ.” நான் சொன்னேன். எங்கள் வீட்டில் என் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு பாவம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

ஒன்றுகூடலுக்கு நிசாந்தினி முதியோர் இல்லத்தில் தன் வேலை முடிந்து நேரே வந்தாள். சீமோனுக்குச் சிவப்புப் பிரெஞ்சுத் தொப்பி ஒன்றும் வாங்கி வந்து மாட்டிவிட்டாள். அனுப்பப்போகிற ஆளுக்கு எதற்குத் தொப்பி என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாங்கள் கற்றதைச் சொல்ல வேண்டும். மிதுஷாவின் முறை வந்ததும் ஏஜென்சிக்காரி பிரெஞ்சில் ஏதாவது பேசச் சொன்னாள். நிசாந்தினி ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள்.

மகள் நெஞ்சை நிமிர்த்தினாள். “வாங்கோ, இருங்கோ. சாப்பிட்டியளோ? சொன்னாக் கேளடி, காலில சப்பாத்தைப் போடு. மெர்சி.”

மண்டபம் கைதட்டியது. சீமோன் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பாவம், அவள் பிரெஞ்சில்தான் படிப்பித்திருக்கிறாள். கோபம் வந்தபோதும் அன்பு வந்தபோதும் மட்டும் தமிழ் வழுக்கி விழுந்திருக்கிறது. மிதுஷா எல்லாவற்றையும் பிரெஞ்சு என்றே சேர்த்து வைத்திருக்கிறாள். பிரான்சின் தெற்கில் இப்படித்தான் பேசுவார்கள் போலும் என்று அந்த அல்சாஸ் பெண் பெருந்தன்மையோடு விளக்கம் சொன்னாள்.

நிசாந்தினி ஃபோனை இறக்கிவிட்டுக் கதிரையில் தொப்பென்று இருந்தாள். இன்றைக்கு வீட்டில் கதவைச் சாத்த வேண்டிவரும் என்று நினைத்தேன். மிதுஷா ஓடிவந்து தாயின் கன்னத்தில் கை வைத்தாள். அதுவரை மம்மி என்றுதான் கூப்பிடுவாள்.

“அம்மா, களைச்சுப் போனியளோ?”

நிசாந்தினி வேலையால் வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் சீமோன் கேட்கும் கேள்வி அது. சட்டத்தை மீறுகிறாள் என்று இவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. இப்போது கண் நிறைந்துவிட்டது.

“ஓம் குஞ்சு, சரியாக் களைச்சுப் போனன்,” என்றாள், அத்தனை பேருக்கும் முன்னால், தமிழில்.

ஏஜென்சிக்காரி அல்சாஸ் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள். மகளுக்குப் பிரெஞ்சு நன்றாக ஏறுகிறது, இடையில் ஆளை மாற்றினால் குழம்பிவிடும் என்று நிசாந்தினி கொஞ்சமும் முகம் மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்ற சீமோனின் பக்கம் திரும்பினாள்.

“வா பிள்ளை, வீட்டை போவம்.”