கீச்சுக் குரல் யாருக்கு?

அவளுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அது புழங்கவில்லை. முட்டி வலி, முதுகு வலி, வழுக்கி விழுந்த இடுப்பு என்று வருகிறவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக "நீட்டு, மடக்கு, நீட்டு" என்று சொல்லிச் சொல்லியே அவள் நீட்டம்மா ஆகிவிட்டாள். நோயாளிகள் வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நாலு கட்டில், சுவர் முழுக்க ஒரு கண்ணாடி, பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கம்பிகள், ஆணிகளில் தொங்கும் மணல் பைகள். இவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். அங்கே "முடியலம்மா" என்று யாராவது முனகினால் போதும், "முடியலைன்னு சொல்ல மட்டும் முடியுதா? நீட்டுங்க!" என்று ஒரு போடு போடுவாள். கால் தானாக நீண்டுவிடும். திட்டு வாங்கியவர்கள்தான் குணமானதும் பழக்கூடையோடு வந்து நிற்பார்கள்.

நீட்டம்மாவுக்கு அழகைப் பற்றிக் கர்வம் கிடையாது. குரலைப் பற்றி உண்டு. அது மணிக்குரல் அல்ல, கனத்த குரல், கம்பீரமான குரல், "உட்கார்" என்றால் நிற்கிறவன் யோசிக்காமல் உட்காரும் குரல் என்று அவள் திடமாக நம்பினாள். பாதி வைத்தியம் தன் குரல்தான் என்று சக ஊழியர்களிடம் சொல்லியும் இருக்கிறாள். அவர்கள் மறுத்ததில்லை. யாருக்கு வந்த வம்பு?

இந்த நம்பிக்கைக்கு ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. அவளுடைய அக்காவின் குரல் கீச்சுக் குரல் என்பது. அக்கா அவளைவிட மூன்று வயது பெரியவள், பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் கணக்கு டீச்சர். "தகரத்துல ஆணியை வச்சு இழுத்த மாதிரி இருக்கும் எங்க அக்கா பேசினா" என்று இவள் ஊரெல்லாம் சொல்லுவாள். அக்காவிடமே சொல்லுவாள். அக்கா அதற்கு, "போடி, கண்ணாடியைப் பாரு" என்பாள். அதன் அர்த்தம் இவளுக்குப் புரிந்ததேயில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் அக்கா மகளின் கல்யாண வரவேற்பில் வினை வந்தது. யாரோ மைக்கைக் கையில் கொடுத்து, பெண்ணின் சித்தி நாலு வார்த்தை பேசட்டும் என்றார்கள். இவள் சும்மா பேசியிருக்கலாம். சனி நாக்கில் உட்கார்ந்தால் யார் என்ன செய்ய முடியும்? "இப்ப எங்க அக்கா பேசறா, கேளுங்க" என்று சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அக்கா விருந்தாளிகளை எண்ணுவது போல, "வரிசையா உக்காருங்க! முதல் வரிசை முப்பத்திரண்டு! பின்வரிசையில யாரு ரெண்டு தடவை எழுந்து நிக்கறது?" என்று வெளுத்து வாங்கினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. புதுச் சம்பந்தி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை போன் வந்தது. "நேத்து ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சுது. சம்பந்தி வீட்டு முன்னாடி. இனிமே உன் குரலே என் காதுல விழக்கூடாது." அத்தோடு வைத்தவள்தான். இவள் போன் செய்தால் எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து இவளும் நிறுத்திவிட்டாள். உள்ளதைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு என்பது இவள் கட்சி. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு, முன்பெல்லாம் அக்கா கூப்பிடும் நேரத்தில், டீயை ஆறவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐந்து வருஷமாக ஆறிய டீதான். அக்கா இல்லாமல் அவளுக்கு ஆகவில்லை. அதை ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை.

இந்த நிலையில்தான் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "இங்க நல்லாச் செய்யறாங்க, வீட்டுக்குப் போனதும் மறந்துடறாங்க. பயிற்சியெல்லாம் உங்க குரல்ல பதிவு பண்ணிக் கொடுத்துட்டா போன்ல கேட்டுக்கிட்டே செய்வாங்க" என்றார். நீட்டம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் வெந்நீரே குடித்தாள். கணவரிடம்கூட அதிகம் பேசாமல் குரலைச் சேமித்தாள். பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் அந்த மனிதர் இரண்டு நாளும் நிம்மதியாக இருந்தார்.

ஆஸ்பத்திரியில் சத்தம் நுழையாத இடம் ஒன்றுதான், காது பரிசோதிக்கும் சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தது போல் இருக்கும். அங்கே வேலை பார்க்கிறவனை எல்லோரும் காதுத் தம்பி என்பார்கள். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் ஆன பிறகும் அவன் தம்பிதான். மைக்கை வைத்தான், அவள் ஒரே மூச்சில் பதினோரு பயிற்சியையும் சொல்லி முடித்தாள்.

"போட்டுக் காட்டு தம்பி" என்றாள், பாராட்டு வாங்கப்போகிற முகத்தோடு.

அவன் போட்டான். "மெதுவா நீட்டுங்க. அஞ்சு எண்ணுங்க. இப்ப மடக்குங்க."

நீட்டம்மா விருட்டென்று எழுந்து கதவைத் திறந்து வராண்டாவைப் பார்த்தாள். "எங்க அக்கா எப்ப வந்தா?"

"யாரும் வரலையே மேடம். இது நீங்க."

"விளையாடாதே. எனக்கு எங்க அக்கா குரல் தெரியாதா?"

காதுத் தம்பி பொறுமைசாலி. காது கேட்காதவர்களோடு நாள் முழுக்கப் பேசுகிறவன் அப்படித்தான் இருந்தாக வேண்டும். "ரெண்டு காதையும் விரலால அடைச்சுக்கிட்டு ம்ம்ம்னு சொல்லுங்க மேடம்" என்றான். சொன்னாள். குரல் தலைக்குள் குடத்தில் பேசியது போல் கனமாக முழங்கியது. "கேட்டீங்களா? காதை அடைச்ச பிறகும் எப்படிக் கேக்குது? தாடை எலும்பு, மண்டை எலும்பு வழியாப் போகுது. நாம பேசும்போது நமக்கு ரெண்டு வழியா வருது, காத்து வழியாவும் எலும்பு வழியாவும். எலும்பு கனமான சத்தத்தை நல்லாக் கடத்தும். அதனால நம்ம குரல் நமக்கு மட்டும் கனமாத் தெரியும். மத்தவங்களுக்குக் காத்து வழியா வர்றது மட்டும்தான். மைக்குக்கும் அதேதான். உங்க எலும்பு மைக்குக்கு ஏது?"

"அப்ப இந்தக் குரலைத்தான் எல்லாரும் கேட்டாங்களா? இத்தனை வருஷமா?"

"ஆமா மேடம்."

அவள் நம்பவில்லை. சக்கர நாற்காலி தள்ளுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தாள். "நீங்கதான். உங்க குரலுக்கு என்ன, மூணாவது மாடி வரைக்கும் கேக்குமே" என்றார் அவர். ஊசி போடும் நர்ஸைக் கூப்பிட்டாள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஊரார் முதுகையெல்லாம் நிமிர்த்தியவளுக்கும் அதே கதிதான்.

வீட்டுக்குப் போய், கணவர் முன்னால் பதிவைப் போட்டு, "இது யாரு?" என்றாள்.

"நீ. இல்லேன்னா உங்க அக்கா. ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணா? ஏன் சொல்லலை?"

"உயிர் மேல ஆசை இருக்கே."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப அன்னிக்குக் கல்யாணத்துல எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்களே?"

கணவர் கொஞ்சம் யோசித்தார். சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனை. "நீ மைக்கைப் பிடிச்சு, உன் குரல்லயே பேசிட்டு, இதுதான் எங்க அக்கா குரல்னு சொன்னே. வேற யாருக்கோ கீச்சுக் குரல்ங்கற மாதிரி. சிரிக்காம என்ன பண்ணுவாங்க? எனக்கே அடக்க முடியலை."

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிதாக ஒன்று அவள் நெஞ்சைப் பிடித்தது. கூட்டம் அக்காவைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை. அது தெரியாமல் அக்கா ஐந்து வருஷமாகத் தலைகுனிந்து கிடக்கிறாள். அக்கா குரலைக் கேட்க முடியவில்லையே என்று இவள் ஏங்கிய ஐந்து வருஷமும் அது இவள் வாயிலிருந்தே வந்துகொண்டிருந்தது, இவளுக்குத்தான் கேட்கவில்லை. அன்று ராத்திரி அவள் அழுதாள், நடுநடுவே சிரிக்கவும் செய்தாள். கணவர் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவது போல் பாவனை செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மணியை அடிக்கக் கை வரவில்லை. "கதவைத் திறயேன்" என்று மட்டும் கூப்பிட்டாள்.

உள்ளே குளியலறையிலிருந்து அத்தான் குரல் கேட்டது. "மறுபடியும் சாவியை விட்டுட்டுப் போயிட்டியா? இரு, தலையில சோப்பு."

"யாரைச் சொல்றீங்க? நான் எங்கேயும் போகலை, இங்கதான் இருக்கேன்!" இது சமையலறையிலிருந்து.

"அப்ப வாசல்ல கூப்பிட்டது யாரு?"

சமையலறையில் கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. அக்கா நின்றாள். தலை நன்றாக நரைத்திருந்தது. "எதுக்கு வந்தே?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. "அக்கா, அன்னிக்கு எல்லாரும் சிரிச்சது உன்னைப் பார்த்து இல்ல. என்னைப் பார்த்து. உன் குரலும் என் குரலும் ஒண்ணு. அது எனக்கு மட்டும்தான் தெரியலை."

"என் குரலும் உன் குரலும் ஒண்ணா?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் குரல் எவ்வளவு அடக்கமா இருக்கும்! உனக்குத்தான் சின்ன வயசுலேருந்து கீச்சு. பாவம், மனசு நோகுமேன்னு நான் வெளியில சொன்னதில்லை."

நீட்டம்மா போனை எடுத்துப் பதிவைப் போட்டாள். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது நீதான். சந்தேகமே இல்லை."

"ஆமா. இப்ப நீ பேசு. வாய்ப்பாடு ஏதாவது சொல்லு."

"எதுக்கு?"

"சொல்லேன்."

அக்கா பதினேழாம் வாய்ப்பாட்டைப் பாதி வரை சொன்னாள். டீச்சர் அல்லவா, கஷ்டமானதைத்தான் சொல்லுவாள். நீட்டம்மா அதைப் போனில் பதிவு செய்து திருப்பிப் போட்டாள். அக்கா முகம் மலர்ந்து, "இதுவும் நீதான்!" என்றாள்.

"எனக்குப் பதினேழாம் வாய்ப்பாடு எப்ப தெரிஞ்சிருக்கு?"

அக்கா போனை வாங்கி மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். தலையில் சோப்போடு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்த அத்தான், இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டார்.

"உன் குரல் என் காதுல விழக்கூடாதுன்னு சொன்னேன்" என்றாள் அக்கா மெதுவாக. "வகுப்புல நாப்பது பிள்ளைங்க தினமும் அதைத்தான் கேட்டிருக்காங்க. எனக்கு மட்டும் கேக்கலை. சாயங்காலமானா எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா?"

"எனக்கும்தான் அக்கா. என்னை மன்னிச்சுடு."

அக்கா அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையை எடுக்காமல் அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள். கண்ணீர் இரண்டு பேருக்கும் கொட்டியது.

"ஒரு நாளாவது மறுபடி கூப்பிட்டுப் பார்த்திருக்கலாமில்லடி?"

"கூப்பிட்டா எடுத்திருப்பியா?"

"எடுத்திருக்க மாட்டேன்" என்றாள் அக்கா. "ஆனா நீ கூப்பிட்டிருக்கணும்."